தாடையும் ஒரு மூட்டுதான்: முடக்குவாதம் பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மூட்டுவாத மருத்துவர்களுக்கும், கதிரியல் மருத்துவர்களுக்கும், பல் மருத்துவர்களுக்கும், பரிசோதனை வழிகாட்டுதல்களை எழுதும் குழுக்களுக்கும்,

வணக்கம்.

நான் ஸ்கேன் அறையில் வேலை செய்பவள். நோய்க்குப் பெயர் வைப்பதும் மருந்து எழுதுவதும் என் வேலை இல்லை. நீங்கள் அனுப்பும் சீட்டை வாங்கிப் படித்து, நோயாளியைச் சரியாக நிற்கவோ படுக்கவோ வைத்து, கேட்ட படத்தை எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. அந்தச் சீட்டைப் பற்றித்தான் இந்த மடல்.

முடக்குவாதம், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், உள்ளவர்களின் தாடை மூட்டைப் படமெடுக்கச் சொல்லி வரும் சீட்டுகளே குறைவு. வருகிறவற்றிலும் 'தாடை வலி, ஓ.பி.ஜி.' என்று மட்டும்தான் பெரும்பாலும் எழுதியிருக்கும். ஓ.பி.ஜி. என்பது தாடை முழுவதையும் பற்களோடு ஒரே படத்தில் எடுக்கும் எக்ஸ்ரே. முடக்குவாதம் என்ற சொல் அதில் இருக்காது. ஓ.பி.ஜி. இயந்திரத்தின் கைப்பிடியை அவர்களால் பிடிக்க முடியாமல் போகும்போது, விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்து நானாகக் கேட்பேன். "ஆமாம்மா, ரொம்ப வருஷமா மாத்திரை சாப்பிடறேன்" என்பார்கள். பல் மருத்துவரிடம் அதைச் சொன்னீர்களா? "பல்லுக்குத்தானே போனேன், அது எதுக்குன்னு விட்டுட்டேன்." சரி, மூட்டுவாத மருத்துவரிடம் தாடை வலியைச் சொன்னீர்களா? "அது பல்லு சம்பந்தப்பட்டதுன்னு நெனச்சேன்."

நோயாளியைக் குறை சொல்ல முடியாது. கேட்டால்தானே சொல்வார்? கேட்காமல் போவதற்கும் காரணம் இருக்கிறது. நோய் எவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்று அளக்க எல்லோரும் பயன்படுத்தும் டி.ஏ.எஸ். 28 என்ற 28 மூட்டுக் கணக்கில் தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல் மூட்டுகள், முழங்கால் ஆகியவை மட்டுமே உண்டு. பாதம் இல்லை, தாடையும் இல்லை. அதைவிட நீளமான 68 மூட்டுக் கணக்கில் தாடை இருக்கிறது; ஆனால் பரபரப்பான புறநோயாளிப் பிரிவில் 68 மூட்டை யார் தொட்டுப் பார்க்கிறார்கள்? 2010-ல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டு விதிகளைப் பாருங்கள். அங்கே தாடை வருவது பத்துக்கு மேற்பட்ட மூட்டுகள் பாதிக்கப்பட்டவர்களுக்கான குறிப்பில், 'வேறெங்கும் குறிப்பிடப்படாத மற்ற மூட்டுகள்' என்பதற்கு உதாரணமாக. எலும்பு எவ்வளவு சேதமாகியிருக்கிறது என்று எக்ஸ்ரேயை வைத்து மதிப்பெண் போடும் ஷார்ப் முறையும், அதைத் திருத்தி வந்த முறையும் கையோடும் பாதத்தோடும் நின்றுவிடுகின்றன.

இதில் சதி ஒன்றும் இல்லை. கைவிரல் மூட்டுகள் நோயின் போக்கைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும், தொட்டுப் பார்ப்பதும் சுலபம். அதனால் அளவுகோலை அங்கே வைத்தார்கள், அது நியாயம்தான். ஆனால் நோயின் வேகத்தை அளக்கச் செய்த பட்டியல், பழக்கத்தில், எந்த மூட்டைக் கவனிக்க வேண்டும் என்ற பட்டியலாக மாறிவிட்டது. 28 மூட்டும் அமைதி என்றால் நோயே அமைதி என்று கோப்பு மூடப்படுகிறது. அந்த 28-க்கு வெளியே ஒரு மூட்டு ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும், ஒவ்வொரு பேச்சுக்கும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

தாடை மூட்டைக் காட்டச் சொன்னால் பலரும் கன்னத்தின் கீழ்மூலையைத் தொடுவார்கள். காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் விரலடியில் ஒன்று நகருமே, அதுதான். கீழ்த்தாடை எலும்பின் மேல்நுனியில் இருக்கும் குமிழ், மண்டையோட்டின் பொட்டெலும்பில் உள்ள குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. நடுவே மெத்தை போல ஒரு மெல்லிய தகடு, அதுதான் டிஸ்க். வாயைத் திறக்கத் தொடங்கும்போது குமிழ் பெரும்பாலும் சுழலும். இன்னும் அகலமாகத் திறந்தால் டிஸ்கையும் கூட்டிக்கொண்டு முன்பக்கம் வழுக்கி வரும். இடதும் வலதும் ஒரே எலும்பின் இரண்டு முனைகள் என்பதால் ஒன்று கெட்டால் மற்றது சும்மா இருக்க முடியாது.

கைவிரலில் இருப்பது போன்ற மூட்டுச் சவ்வு, அதாவது மூட்டு உறையின் உட்புறத்தை மூடிய மெல்லிய படலம், இதற்குள்ளும் இருக்கிறது. முடக்குவாதம் குறிவைப்பது அந்தச் சவ்வைத்தான். சவ்வு தடித்து, நீர் கோத்து, பிறகு படர்ந்து டிஸ்கையும் எலும்பையும் அரிக்கும். விரலில் நடப்பது இங்கேயும் நடக்கும், ஒரே வித்தியாசம், விரல் வீங்கினால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். தாடை மூட்டு வீங்கினால் கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாது. வலி வந்தாலும் அது தாடையில் வருவதாகப் படாது. மூட்டுக்குக் கிளை விடும் நரம்பே காதின் முன்பகுதிக்கும் காதுத் துளைக்கும் போகிறது, அதனால் காது வலிக்கிறது என்றுதான் போவார்கள். காதில் ஒன்றும் இல்லை என்று சொட்டு மருந்தோடு திரும்பி வருவார்கள்.

எத்தனை பேருக்குத் தாடை பாதிக்கிறது என்று கேட்டால், ஆய்வுக்கு ஆய்வு எண்கள் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். வலியைக் கேட்டு எண்ணினால் ஒரு எண், எக்ஸ்ரேயைப் பார்த்து எண்ணினால் ஒரு எண், எம்.ஆர்.ஐ. எடுத்து எண்ணினால் இன்னொன்று. எந்தக் கருவியால் பார்த்தோம் என்பதைப் பொறுத்தே நோய் இருக்கிறதா இல்லையா என்பது மாறுகிறது என்றால், கருவியைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு வரிச் சீட்டை அலட்சியமாக எழுத முடியுமா?

அதனால் எந்தப் படம் எதைக் காட்டும் என்பதை என் மேசைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் சீட்டுகளைப் பார்த்தால், அவசரத்தில் மறந்துபோவது தெரிகிறது.

முதலில் ஓ.பி.ஜி. இரண்டு தாடை மூட்டும் பற்களும் ஒரே படத்தில் விழும், செலவு குறைவு, கதிர்வீச்சும் மிகக் குறைவு. சில நாட்களில் இயற்கையிலிருந்தே நம் உடம்பில் படும் அளவுதான். பல்லால் வரும் வலியா, தாடை எலும்பில் வேறு கட்டி இருக்கிறதா என்று ஒதுக்கிப் பார்க்க இது நல்ல படம். குமிழ் பெரிய அளவில் தேய்ந்திருந்தால், ஒரு பக்கம் குட்டையாகியிருந்தால் காட்டும். அவ்வளவுதான். சாதாரண எக்ஸ்ரேயில் அரிப்பு கண்ணுக்குத் தெரிய எலும்பின் கனிமம் 30 முதல் 50 சதவீதம் வரை குறைந்திருக்க வேண்டும் என்று எங்களுக்குப் பாடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். டிஸ்க் தெரியாது, சவ்வு தெரியாது, நீர் தெரியாது. கன்ன எலும்பின் நிழல் குழியின் மேல் விழும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: படமெடுக்கும்போது முன்பற்களால் ஒரு சிறு குச்சியின் பள்ளத்தைக் கடித்துக்கொள்ளச் சொல்கிறோம். அப்படிக் கடிக்கும்போது கீழ்த்தாடை சற்று முன்னால் வந்துவிடும், குமிழ் அதன் இயல்பான இடத்தில் இருக்காது. அந்தப் படத்தை வைத்து 'மூட்டு இடைவெளி இயல்பு' என்று அறிக்கை எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

ஆக, ஓ.பி.ஜி.யில் ஒன்றும் தெரியவில்லை என்றால், ஓ.பி.ஜி.யில் தெரியக்கூடியது ஒன்றும் இல்லை என்று மட்டுமே பொருள். மூட்டு நன்றாக இருக்கிறது என்று பொருள் கொண்டு நோயாளியை அனுப்பிவிடாதீர்கள்.

எலும்பைத் துல்லியமாகப் பார்க்க வேண்டும் என்றால் சி.டி., அல்லது இப்போது பல் மருத்துவத்தில் பரவலாகிவிட்ட, கூம்பு வடிவக் கதிரால் எடுக்கும் சி.டி.யான சி.பி.சி.டி. உட்கார்ந்தோ நின்றோ எடுத்துவிடலாம், ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு அளவுள்ள துணுக்குகளாக எலும்பைக் காட்டும். அரிப்பு, குமிழ் தட்டையாவது, மேற்பரப்புக்கு அடியில் வரும் சிறு குழிகள், எலும்பு ஒட்டிப்போவது எல்லாம் தெரியும். வயதால் வரும் தேய்மானத்தில் எலும்பு முட்கள் வளர்வதும் மேற்பரப்பு கெட்டிப்படுவதும் அதிகம். முடக்குவாதத்தில் அரிப்பு முன்னால் நிற்கும். எல்லோரிடமும் இந்தக் கோடு சுத்தமாகப் பிரியாது, இரண்டும் கலந்தே வருவதும் உண்டு. கதிர்வீச்சு பொதுவாகச் சாதாரண சி.டி.யைவிடக் குறைவு, ஆனால் படப்பரப்பை எவ்வளவு பெரிதாக வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தாடை மூட்டு மட்டும் வேண்டும் என்று எழுதினால் முகம் முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. இதிலும் குறை ஒன்றுதான்: நடந்து முடிந்த சேதத்தைக் காட்டும், இப்போது எரிந்துகொண்டிருக்கும் அழற்சியைக் காட்டாது.

அதைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல எம்.ஆர்.ஐ.க்கும் வீண் எம்.ஆர்.ஐ.க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சீட்டிலேயே முடிவாகிவிடுகிறது.

தாடைக் குமிழ் முன்னும் பின்னுமாகப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, குறுக்குவாட்டில் இரண்டு சென்டிமீட்டருக்குள். மூளைக்கு எடுக்கும் 5 மில்லிமீட்டர் வெட்டுகளில் இந்த மூட்டு மூன்று நான்கு படத்தோடு ஓடிவிடும். 'தலை எம்.ஆர்.ஐ. இருக்கிறதே, அதில் தாடையும் பார்த்துக்கொள்ளலாம்' என்பது இதனால்தான் சரிவராது. தாடைக்கென்று 3 மில்லிமீட்டர் அல்லது அதைவிட மெல்லிய வெட்டு வேண்டும். குமிழின் நீள அச்சு நேர்க்கோட்டில் இல்லாமல் சாய்ந்திருப்பதால் அந்தச் சாய்வுக்குச் செங்குத்தாகத் திட்டமிட வேண்டும், இடதுக்குத் தனி, வலதுக்குத் தனி. வாயை மூடி ஒரு முறை, திறந்து ஒரு முறை. நீரையும் எலும்புக்குள் உள்ள நீர்க்கசிவையும் காட்ட, கொழுப்பின் ஒளியை அடக்கிய படவரிசை.

முடக்குவாதத்துக்கு அதற்கு மேலும் ஒன்று தேவைப்படலாம்: காடோலினியம் கான்ட்ராஸ்ட் ஊசி. வீங்கிய சவ்வு ஊசி போட்டதும் பளிச்சென்று ஒளிரும். ஆனால் சில நிமிடங்களில் மருந்து சவ்விலிருந்து மூட்டு நீருக்குள் கசிந்துவிடும், அப்புறம் சவ்வு எது, நீர் எது என்று பிரிக்க முடியாது. எனவே ஊசி போட்ட உடனே எடுக்க வேண்டும். 'தாடை வலி' என்று மட்டும் சீட்டில் இருந்தால் நாங்கள் டிஸ்க் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கும் வழக்கமான வரிசையை, ஊசி இல்லாமல், எடுத்து அனுப்பிவிடுவோம். 'முடக்குவாதம், அழற்சி இருக்கிறதா' என்று எழுதியிருந்தால் கதிரியல் மருத்துவர் வேறு வரிசை சொல்லியிருப்பார். நோயாளி திரும்ப ஒருமுறை வந்து படுக்க வேண்டியிருக்காது. அதோடு, வருடக்கணக்காக வலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்ற ரத்தப் பரிசோதனை விவரமும் சீட்டில் இருந்தால் ஊசி போடலாமா வேண்டாமா என்று கடைசி நிமிடத்தில் இழுபறி இருக்காது.

படுக்கும் சிரமத்தைச் சொல்ல வேண்டும். மெத்தை மெல்லியது, அசையாமல் அரை மணி நேரமோ அதற்கு மேலோ கிடக்க வேண்டும். முடக்குவாதம் கழுத்தின் மேல் எலும்புகளைத் தளர்த்தியிருக்கலாம். அப்படிப்பட்டவரின் தலையைக் காயில் என்னும் கூண்டு போன்ற கருவிக்குள் பொருத்தும்போது யோசிக்காமல் நிமிர்த்தவோ வளைக்கவோ கூடாது. இதையும் நீங்கள் எழுதினால்தான் எங்களுக்குத் தெரியும். அடுத்தது வாயைத் திறந்து எடுக்கும் படம். பற்களுக்கு நடுவே ஒரு கட்டையை வைத்துக் கடிக்கச் சொல்வோம். 25 மில்லிமீட்டர்கூடத் திறக்க முடியாதவருக்கு எந்த அளவுக் கட்டை? அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் சின்னதை எடுத்து வைத்திருப்போம்.

அப்புறம் அந்த அழைப்பு மணி. உள்ளே பயமாக இருந்தால் அழுத்துங்கள் என்று ஒரு ரப்பர் குமிழைக் கையில் கொடுப்போம். விரல்கள் மடங்காத ஒருவருக்கு அதை அழுத்தும் வலு இருக்காது. வாயில் கட்டை, கூப்பிடவும் முடியாது. நான் இப்போதெல்லாம் குமிழை விரல்களுக்கு நடுவே கொடுப்பதில்லை, உள்ளங்கைக்கும் தொடைக்கும் நடுவே வைத்து, கையின் எடையால் அழுத்திப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் மேசையை உள்ளே தள்ளுவேன். அதுவும் முடியாவிட்டால் பாதத்தை ஆட்டச் சொல்லி, கண்ணாடி வழியாகப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். எந்தக் கையேட்டிலும் இது எழுதியிருக்கிறதா என்று நான் தேடவில்லை. நோயாளியின் கையைப் பார்த்தால் தானாகத் தோன்றுவதுதான். ஆனால் சீட்டில் முடக்குவாதம் என்று இருந்தால், நான் விடுப்பில் இருக்கும் நாளில் வேலைக்கு வருபவருக்கும் தோன்றும்.

அல்ட்ராசவுண்டை மறக்கவில்லை. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, மூட்டுவாத மருத்துவர் தன் அறையிலேயே கையையும் மணிக்கட்டையும் பார்க்கும் அதே கருவியைக் காதுக்கு முன்னால் வைத்தால் போதும். மூட்டு உறைக்கும் எலும்புக்கும் நடுவே இடைவெளி சுமார் 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் உள்ளே நீர் கோத்திருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். மூட்டுக்குள் ஊசி போடும்போது வழிகாட்டவும் உதவும். ஆனால் கன்ன எலும்பும் குமிழும் மறைப்பதால் வெளிப்பக்கம் மட்டும்தான் தெரியும், உட்பக்கம் இருட்டு. பார்ப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்து பதிலும் மாறும். அதனால் 'இருக்கிறது' என்று அல்ட்ராசவுண்ட் சொன்னால் நம்பலாம், 'இல்லை' என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஸ்கேன் அறைக்காரி எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறாள் என்று நினைக்க வேண்டாம். அதற்கு நேர்மாறாகத்தான் கேட்கிறேன். படமும் வலியும் எப்போதும் கைகோத்து வருவதில்லை. குமிழ் பாதி தேய்ந்தவர் வலியே இல்லை என்பார். வாயைத் திறக்கவே முடியாமல் அழுபவரின் படம் சுத்தமாக இருக்கும். வலி மெல்லும் தசையில் இருக்கும். மூட்டில் எந்தத் தொந்தரவும் இல்லாத ஆட்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால்கூட, மூன்றில் ஒருவருக்கு டிஸ்க் சற்று இடம் மாறி இருப்பது தெரியவந்திருக்கிறது. கான்ட்ராஸ்ட் போட்டால் நல்ல மூட்டிலும் லேசாக ஒளி தெரியும். கண்ணில் பட்டதையெல்லாம் நோய் என்று எழுதத் தொடங்கினால் நோயாளிக்குத்தான் நட்டம்.

நான் கேட்பது எல்லோருக்கும் கேள்வி, சிலருக்குப் படம். முடக்குவாதம் என்று உறுதியானதுமே, அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவது, நான்கைந்து கேள்விகள் கேளுங்கள். காலையில் எழுந்ததும் தாடை இறுக்கமாக இருக்கிறதா? மெல்லும்போது வலிக்கிறதா, காது வலிக்கிறதா? முன்பற்கள் முன்பு போலச் சேருகின்றனவா? பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, மேல் முன்பல்லின் நுனியிலிருந்து கீழ் முன்பல்லின் நுனி வரை ஒரு ஸ்கேலால் அளந்து எண்ணைக் கோப்பில் எழுதுங்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். 35-க்குக் கீழே என்றால் ஏன் என்று பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், போன வருடம் 46 இருந்தவருக்கு இந்த வருடம் 38 என்றால், அவர் இன்னும் 'இயல்பு' என்ற வரம்புக்குப் பக்கத்தில் இருந்தாலும், ஏதோ நடக்கிறது. காதுக்கு முன்னால் விரலை வைத்துத் திறந்து மூடச் சொன்னால், கரடுமுரடான தரையில் மணல் அரைபடுவது போன்ற உரசல் தெரிகிறதா என்று பாருங்கள். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிட வேலை.

இவற்றில் ஏதாவது மாறியிருந்தால் அப்போது படம் எடுங்கள், தாமதிக்காமல். எலும்பு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமா, அழற்சி இருக்கிறதா என்று தெரிய வேண்டுமா என்பதை முடிவுசெய்து அதற்கேற்றதைக் கேளுங்கள். மருந்தை மாற்றுவதா என்ற கேள்வி மனதில் இருந்தால் சி.பி.சி.டி.யை மட்டும் வைத்து விடை கிடைக்காது. தாடை அறுவை சிகிச்சையா என்ற கேள்வி என்றால் எம்.ஆர்.ஐ. மட்டும் போதாது.

தாமதத்தின் விலையை நான் அடிக்கடி பார்ப்பது கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதம், மாறிய பிறகு வருபவர்களிடம். இரண்டு பக்கக் குமிழும் அரித்து உயரம் குறைந்ததும் கீழ்த்தாடை பின்னால் சரிந்துவிடும். கடைவாய்ப் பற்கள் முதலில் முட்டும், முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழும். ஒரு பெண்மணி சொன்னார்: தையல் வேலை செய்பவர், நூலை முன்பல்லால் கடித்து அறுப்பது பழக்கம், ஒருநாள் பல்லுக்கு நடுவே நூல் அப்படியே வழுக்கி வெளியே வந்ததாம். வலியைவிட அதுதான் அவரைப் பயமுறுத்தியது. ஓ.பி.ஜி.க்கு அந்தக் குச்சியைக் கடிக்கச் சொன்னேன், முன்பற்கள் இரண்டும் அதைத் தொடவே இல்லை.

பல் மருத்துவர்களிடம் இங்கே தனியாக ஒரு வார்த்தை. முன்பற்கள் சேராமல் புதிதாக ஒரு பெரியவர் வந்தால், உயரமாகத் தெரியும் கடைவாய்ப் பல்லைத் தேய்ப்பதற்கும் புதிய உறை போடுவதற்கும் முன்னால் அவர் கைகளைப் பாருங்கள், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். மூட்டு இன்னும் அரித்துக்கொண்டிருக்கும்போது கடியைச் சரிசெய்தால் சில மாதங்களில் கடி மறுபடி மாறும், தேய்த்த பல் திரும்பி வராது. மூட்டுவாத மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு, அழற்சி அடங்கும்வரை திரும்பச் சரிசெய்யக்கூடிய வழிகளோடு மட்டும் இருங்கள்.

மயக்க மருந்து கொடுப்பவர்கள் இந்த மடலின் முகவரியில் இல்லை, ஆனால் அவர்களுக்குத்தான் இது நன்றாகப் புரியும். முடக்குவாதக்காரரின் முழங்காலை மாற்ற அறுவை அரங்குக்குக் கொண்டுபோகும்போது கழுத்து வளையாது, வாய் திறக்காது, குரல்வளையின் சிறு மூட்டுகளும் இறுகியிருக்கலாம். தாடை பின்னால் சரிந்தால் மூச்சுப்பாதையும் குறுகும், தூக்கத்தில் மூச்சுத் திணறலும் வரலாம். கோப்பில் போன வருடத்து வாய்த்திறப்பு அளவு இருந்தால் அவர்கள் முன்கூட்டியே தயாராக இருப்பார்கள்.

கதிரியல் மருத்துவர்களே, உங்கள் அறிக்கைகள் பற்றி. 'இரு பக்கமும் தேய்மான மாற்றங்கள்' என்ற ஒரு வரி யாருக்கும் உதவாது. அரிப்பு இருக்கிறதா, குமிழிலா குழியிலா, சவ்வு தடித்திருக்கிறதா, நீர் இருக்கிறதா, எலும்புக்குள் நீர்க்கசிவு உண்டா, டிஸ்க் முழுசாக இருக்கிறதா, வாய் திறக்கும்போது குமிழ் எவ்வளவு நகர்கிறது என்று பிரித்து எழுதினால்தான் அடுத்த வருடப் படத்தோடு ஒப்பிட முடியும். கையின் எம்.ஆர்.ஐ.க்கு சவ்வழற்சி, எலும்பு நீர்க்கசிவு, அரிப்பு மூன்றுக்கும் மதிப்பெண் போடும் ராம்ரிஸ் முறை 2003-லேயே வந்துவிட்டது. குழந்தைகளுக்கு வரும் மூட்டழற்சியில் தாடை எம்.ஆர்.ஐ.க்கென்றே அதேபோல ஒரு முறையை, மூட்டுவாத ஆய்வுகளில் எதை எப்படி அளப்பது என்று வகுக்கும் ஓமெராக்ட் குழுவினர் உருவாக்கியிருக்கிறார்கள். குழந்தையின் தாடை வளர்வதே அந்தக் குமிழின் மேற்பரப்பிலிருந்து என்பதால், அங்கே அரித்தால் மோவாய் சின்னதாகிவிடும் என்று பயந்து சிறார் மருத்துவர்கள் முந்திக்கொண்டார்கள். அவர்கள் வலி வரும்வரை காத்திருப்பதில்லை. பெரியவர்களுக்கு அந்த முறையை அப்படியே எடுக்க முடியாது, வளர்ச்சி பற்றிய பகுதி பொருந்தாது. ஆனால் எதையெல்லாம் பார்த்து எழுத வேண்டும் என்ற வரிசை அங்கே தயாராக இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாமே.

அறிக்கை யாருக்குப் போகிறது என்பதும் கேள்விதான். பல் மருத்துவர் கேட்ட படத்தின் அறிக்கை பல் மருத்துவமனையிலேயே தங்கிவிடுகிறது. சவ்வு வீங்கியிருக்கிறது என்று அதில் எழுதியிருந்தாலும், முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட்டின் அளவைக் கூட்டவோ உயிரியல் மருந்துக்கு மாற்றவோ முடிவெடுப்பவர் அதைப் பார்ப்பதே இல்லை. மறுபக்கம், மூட்டுவாத மருத்துவர் கேட்ட படம் பல் மருத்துவருக்குப் போவதில்லை. நடுவில் நோயாளி ஒரு பிளாஸ்டிக் பையில் படங்களைச் சுமந்துகொண்டு அலைகிறார், எதை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல்.

நாங்கள் வேலை செய்யும் இடத்தில் சீட்டின் வடிவத்தை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தாடை மூட்டுப் படம் என்றால் கூடுதலாக நான்கு கட்டங்கள்: முடக்குவாதம் உண்டா, கழுத்து எலும்பு தளர்ந்திருக்கிறதா, வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது, அறிக்கையின் நகல் இன்னும் யாருக்குப் போக வேண்டும். இன்னும் முடிவாகவில்லை, அச்சடித்த பழைய சீட்டுகள் தீரட்டும் என்கிறார்கள். அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை, ஓரத்தில் பேனாவால் எழுதினாலும் எங்களுக்குப் போதும்.

வழிகாட்டுதல் குழுக்களுக்குக் கடைசியாக. முடக்குவாதத்தில் மூட்டுகளை எப்போது, எப்படிப் படமெடுப்பது என்று ஐரோப்பிய மூட்டுவாத அமைப்பு 2013-ல் 10 பரிந்துரைகள் வெளியிட்டது. கையும் பாதமும் அதில் இருக்கின்றன. கழுத்தெலும்பு பாதித்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால், நேராகவும் குனிந்தும் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று தனியாக ஒரு பரிந்துரையே இருக்கிறது. தாடைக்கு ஒன்றும் இல்லை. பெரிய சோதனைகள் போதுமான அளவு நடக்கவில்லை என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரும் கேட்காத, யாரும் அளக்காத மூட்டில் சோதனை எங்கிருந்து வரும்? கேள்வி கேளுங்கள், அளவை எழுதுங்கள், மாற்றம் தெரிந்தால் அழற்சியைக் காட்டும் படத்தை எடுங்கள் என்று நிபுணர்களின் கருத்தாகவாவது அடுத்த திருத்தத்தில் ஒரு பத்தி சேருங்கள். ஆதாரத்தின் தரம் குறைவு என்று பக்கத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

இப்படிக்கு,
ஸ்கேன் அறையிலிருந்து ஒரு கதிரியல் தொழில்நுட்பர்